வெண்கரடியும் பல் துலக்குவதும்

அன்புள்ள ஐயா,

அலுவலகக் கூட்டத்தில் ஒரு கணக்கைத் தவறாகச் சொல்லிவிட்டேன். அங்கேயே திருத்தியும் விட்டேன். மூன்று வாரம் ஆகிறது. பல் துலக்கும்போதுகூட 'நீ எதற்கும் லாயக்கில்லை' என்று உள்ளே ஒரு குரல். விரட்டலாம் என்று தியானத்தில் உட்கார்ந்தால் இன்னும் சத்தமாகக் கேட்கிறது. இந்தக் கணத்தில் வாழு என்கிறார்கள். எப்படி?

ர.

அன்புள்ள ர.,

விரட்டப் பார்ப்பதுதான் சிக்கல். உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. ஐந்து நிமிடம் வெண்கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைத்தால் மணியடியுங்கள் என்று சொல்லி மாணவர்களை உட்காரவைத்தார். மணி அடிக்கத்தான் செய்தது. பிறகு 'இப்போது நினையுங்கள்' என்றதும், முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. கரடி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள உள்ளே ஒரு காவல்காரனை நிறுத்துகிறோம். அவன் கையில் கரடியின் படத்தைக் கொடுத்துத்தானே நிறுத்த வேண்டியிருக்கிறது!

நானும் ஒருமுறை மேடையில் தலைமை வகித்தவரின் பெயரை மாற்றிச் சொன்னவன்தான். பல மாதம் ராத்திரியில் அதையே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், அன்று முன்வரிசையில் இருந்த நண்பரிடம் கேட்டேவிட்டேன். "அன்றைக்கா? மைக் இரைந்துகொண்டே இருந்தது, அதுதான் ஞாபகம்" என்றார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

உங்கள் குரல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 'இன்னொரு தடவை சரிபார்த்திருக்கலாம்' என்றால் அதில் ஒரு வேலை இருக்கிறது, செய்யலாம். 'லாயக்கில்லை' என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதோடு வாதாட உட்காராதீர்கள். வக்கீலும் நீங்கள், நீதிபதியும் நீங்கள். விடிய விடிய வாய்தாதான்.

வந்தால் வரட்டும். 'லாயக்கில்லை என்ற நினைப்பு வந்திருக்கிறது, சரி' என்று மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள். 'நான் லாயக்கில்லாதவன்' என்பதற்கும் இதற்கும் நடுவே ஒரு சாண் இடம் இருக்கிறது. மூச்சுவிட அது போதும். அப்புறம் கையில் இருக்கும் பிரஷ்ஷுக்கு வாருங்கள். கடைவாய்ப்பல்லின் பின்பக்கம் போகும்போது தாடை எந்தப் பக்கம் ஒதுங்குகிறது, கொப்பளிக்கும்போது குளிர்ச்சி எந்தப் பல்லில் முதலில் கூசுகிறது என்று கவனியுங்கள். நாலு நொடி நிற்கும். பிறகு மனம் அந்தக் கூட்ட அறைக்கே ஓடும். திட்டாமல் கூட்டிவாருங்கள். நூறு தடவை ஓடினால் நூறு தடவை. 'இந்தக் கணத்தில் வாழ்வது' என்று பெரிய பெயர் வைத்திருக்கிறோமே, நானறிந்தவரை அது இப்படித் திரும்பத் திரும்ப வந்து சேர்வதுதான்.

இதனால் தூக்கமும் பசியும் போய் அன்றாட வேலையே ஓடவில்லை என்றால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காதீர்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்த கூட்டம் எப்போது? கணக்கை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.