கட்டிலில் கடிப்பது மூட்டைப்பூச்சியா, தெள்ளுப்பூச்சியா?

பாலக்கோட்டு வாடகை வீட்டுக்குக் குடிவந்த பத்தே நாளில் உடம்பெல்லாம் தடிப்பு, கடிப்பது எதுவென்று தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

கணுக்காலைச் சுற்றி மட்டும் கடி என்றால் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி; நாய், பூனையோடு வரும், தாவும். கை, கழுத்து என்று தூக்கத்தில் திறந்திருக்கும் இடங்களில் வரிசையாகத் தடித்திருந்தால் மூட்டைப்பூச்சியாக இருக்கலாம். ஆனால் தடிப்பை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். நள்ளிரவில் டார்ச்சோடு எழுந்து மெத்தையின் தையல் ஓரத்தை விரித்துப் பாருங்கள். மை தெறித்தது போன்ற கரும்புள்ளிகள், உரிந்த பழுப்புத் தோல், சுமார் 5 மில்லிமீட்டர் நீளத்தில் தட்டையான செம்பழுப்புப் பூச்சி இருந்தால் மூட்டைப்பூச்சிதான், சந்தேகமே வேண்டாம். தருமபுரியில் எங்கள் வீட்டில் அவை குடியிருந்தது மெத்தையில் அல்ல, மரக்கட்டிலின் ஆணித் துளையில்! பெங்களூருக்குப் போய்வந்த பையில் ஏறி வந்திருக்க வேண்டும்.

துணிகளைக் கொதிநீரில் ஊறவையுங்கள், கட்டில் சந்துகளிலும் ஊற்றுங்கள். அந்தச் சூட்டில் முட்டையும் சாகும். தப்பிய முட்டைகள் பொரிந்து வரும் என்பதால் வாரம் ஒருமுறை, ஒரு மாதமாவது செய்யுங்கள். மெத்தையை மாடி வெயிலில் போட்டால் மட்டும் போதாது, பூச்சி நிழல் பக்கம் நகர்ந்துவிடும். வீட்டைப் பூட்டிப் பட்டினி போடுவதும் பலிக்காது. இரத்தமின்றி மாதக்கணக்கில் தாங்கும். தக்காளித் தோட்டத்துக்கு வாங்கிய மருந்தைப் படுக்கையில் தெளிக்கவே கூடாது.