ஊட்டியில் வாங்கிய பழைய அக்கார்டியன் எந்த நாட்டுச் சரக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முகப்பில் உள்ள பெயரை இணையத்தில் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அகப்படாததில் ஆச்சரியமில்லை. பழைய அக்கார்டியன் பெட்டிகள் பலவற்றில் இருப்பது விற்றவர் பெயர், செய்தவர் பெயர் அல்ல. ஜெர்மனியில் கிளிங்கெந்தால், இத்தாலியில் காஸ்டெல்ஃபிதார்தோ என்ற ஊர்களுக்கு அந்தக் காலத்தில் இதுதான் பிழைப்பு. வெளிநாட்டுக் கடைக்காரர் மொத்தமாக ஆர்டர் கொடுத்தால், அவர் கேட்ட பெயரை முகப்பில் பதித்து அனுப்பிவிடுவார்கள்.

கடையில் சொன்ன "துரை பங்களாவிலிருந்து வந்தது" கதையையும் ஓரமாக வையுங்கள். குன்னூர், கோத்தகிரி பக்கம் கால் உடைந்த நாற்காலிகூடத் துரை பங்களாவிலிருந்துதான் வரும்!

முதலில் பின்பலகை, அடிப்பாகம், இடக்கை பாஸ் பட்டன் பக்கத்து வாருக்கு அடியில் எல்லாம் டார்ச் அடித்து நாட்டின் பெயரைத் தேடுங்கள். 'மேட் இன் ஜெர்மனி' என்று பதிக்கும் வழக்கம் 1887இல் பிரிட்டன் போட்ட சட்டத்தால் பரவியது. கூடவே 'டி.ஆர்.ஜி.எம்.' என்ற எழுத்துகள் இருந்தால் 1891க்கும் இரண்டாம் உலகப் போர் முடிவுக்கும் இடைப்பட்டது என்று கொள்ளலாம். அது சிறு தொழில்நுட்பப் புதுமைகளுக்கு அந்நாட்டில் இருந்த பதிவின் குறி. 'வெஸ்டர்ன் ஜெர்மனி', 'ஜி.டி.ஆர்.' (கிழக்கு ஜெர்மனி) என்றெல்லாம் இருந்தால் 1949இல் நாடு பிரிந்த பிறகு செய்தது. கிளிங்கெந்தால் கிழக்கில் போயிற்று. ஹோனர் என்ற பெரிய அக்கார்டியன் கம்பெனியின் ஊரான ட்ராசிங்கன் மேற்கில். கிளிப் படமும் சீன எழுத்தும் இருந்தால் தியான்ஜினில் செய்த 'பேரட்'. அதற்கு 1950களுக்கு முந்தைய வயது கிடையாது, துரை கதையும் அதோடு முடிந்தது.

முகப்பில் உள்ள ஆண்டை அப்படியே நம்பாதீர்கள், அது கம்பெனி தொடங்கிய ஆண்டாக இருக்கலாம். ஹோனர் கம்பெனி தொடங்கியது 1857இல், மவுத் ஆர்கன் செய்ய. அக்கார்டியன் பக்கம் வந்ததே 1903இல்தான்.

உண்மையான சாட்சி உள்ளே இருக்கிறது. துருத்தியை மூடி வார் போட்டுவிட்டு, கட்டைப் பக்கச் சட்டத்தைப் பிடித்திருக்கும் சிறு ஆணிகளைக் குறடால் மெல்ல இழுங்கள். ஓர் அட்டையில் வரிசை மாறாமல் குத்தி வையுங்கள். எந்த ஆணி எந்தத் துளைக்கு என்பது முக்கியம். திறந்தால் ஒலி எழுப்பும் உலோக நாக்குகளான ரீடுகள் தெரியும். ஆர்மோனியத்தில் பித்தளை, இதில் பெரும்பாலும் எஃகு. பல சுரங்களுக்கும் சேர்த்து ஒரே நீளத் துத்தநாகத் தகடு இருந்தால் பெரும்பாலும் பழைய ஜெர்மன் மலிவுச் சரக்கு. சுரத்துக்கு ஒன்றாக அலுமினியத் தகடுகள், மெழுகில் பதித்து இருந்தால் கொஞ்சம் மரியாதையான பெட்டி. ரீடுகளைத் தாங்கும் மரக்கட்டைகளில் முத்திரையோ பென்சில் கிறுக்கலோ இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பென்சில் தேதி ரிப்பேர்க்காரர் போட்டதாகவும் இருக்கலாம். ஆனாலும் பெட்டி அந்தத் தேதிக்குப் பிந்தையது அல்ல என்பது உறுதியாகிவிடும்.

கட்டைகள் 'யானைத் தந்தம்' என்று சொல்லியிருப்பார்கள். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு. ஊசியைச் சுட வைத்துக் குத்திப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும்.

நம் மலை ஈரத்துக்கு எஃகு துருப்பிடிக்கும், தோல் வால்வில் பூஞ்சை ஏறும். அதற்காகக் கணப்பு அருகில் வைத்துக் காய வைக்காதீர்கள், மெழுகு இளகி ரீடுகள் கழன்றுவிடும். கீழே இறங்கும்போது மேட்டுப்பாளையம் வெயிலில் காருக்குள் பூட்டி வைத்தாலும் அதே கதிதான்.

ரீடுகள், பின்பலகை, துருத்தியின் மூலைத்தகடு மூன்றையும் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். முகப்புப் படம் தேவையில்லை.