மார்பகப் புற்றுநோயை ஆராய எம்பிபிஎஸ் சீட் வேண்டியதில்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

நீட் மதிப்பெண்ணுக்கு அரசு சீட் வராது. நிலத்தை விற்றாவது நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கச் சொல்கிறார் உங்கள் அண்ணன். மகளோ, பாட்டிக்கு வந்த மார்பகப் புற்றில் நோய் எதிர்ப்புச் செல்கள் என்ன செய்தன என்பதைத்தான் படிப்பேன் என்கிறாள். இது வயசுக் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. வீட்டில் இப்போது தெளிவாக இருப்பது அவள்தான்.

நிகர்நிலைக் கட்டணம் பல இடங்களில் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டுகிறது. புற்றுநோய் மருத்துவராக அதற்குமேல் எம்.டி. 3 ஆண்டு, டி.எம். 3 ஆண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்வு. அது நோயாளியைப் பார்க்க விரும்புகிறவர்களின் வழி. அவளுடைய கேள்விக்கு விடை தேடுவது ஆய்வகத்தில். நிலத்தில் கை வைக்காதீர்கள்.

2006-ல் மெல்போர்னின் வால்டர் அண்ட் எலிசா ஹால் நிறுவனத்தார், ஒரே ஒரு ஸ்டெம் செல்லிலிருந்து (மற்ற வகைச் செல்களை உருவாக்கவல்ல மூலச் செல்) சுண்டெலியின் முழுப் பால்சுரப்பியையும் வளர்த்துக் காட்டினார்கள். அந்தச் செல்லைப் பிரிக்கும்போது சிடி45 என்ற புரதக் குறியுள்ள நோய் எதிர்ப்புச் செல்களைக் கழித்துவிடுவது வழக்கம். கிருமிகளையும் இறந்த செல்களையும் விழுங்கும் மேக்ரோபேஜ்கள் அந்தக் கழிவில்தான் போயின! 2018-ல் ஆய்வாளர் ருமேலா சக்ரபர்த்தியின் குழு காட்டியது இது: ஸ்டெம் செல்லின் டிஎல்எல்1 புரதம் மேக்ரோபேஜைத் தூண்டுகிறது; மேக்ரோபேஜ் பதிலுக்கு விண்ட் புரதங்களைச் சுரந்து ஸ்டெம் செல்லைக் காக்கிறது. மேக்ரோபேஜை அகற்றினால் சுரப்பியை மீண்டும் வளர்க்கும் திறன் குறைகிறது. கட்டிக்குள் இதே செல்கள் புற்றுக்குத் துணைபோவதும், புற்றைத் தாக்கும் டி செல்களை அடக்குவதும் உண்டு. உங்கள் மகள் கேட்பது இதைத்தான்.

அன்றாட வேலை எப்படி இருக்கும்? திசுவை நறுக்கி, கொலாஜினேஸ் நொதியில் 37 டிகிரியில் கரைத்து, 40 மைக்ரான் வலையில் வடிகட்டி, ஒளிரும் ஆன்டிபாடி சேர்த்து, செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் ஓடவிட்டு இனம்பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியில் செலுத்த வேண்டும். நொதியில் அதிக நேரம் விட்டால் செல்லின் மேற்பரப்புப் புரதமே அறுந்துபோகும். இறந்த செல் கண்ட ஆன்டிபாடியையும் ஒட்டிக்கொள்ளும். அதனால் உயிர்ச்செல்லைப் பிரித்துக்காட்டும் சாயம் கட்டாயம். மேக்ரோபேஜின் எஃப்சி ஏற்பி எந்த ஆன்டிபாடியையும் பிடித்துவிடும் என்பதால் முதலில் அதை அடைக்க வேண்டும். பிறகு 3 வார வயதுச் சுண்டெலியின் கொழுப்புத் திட்டிலிருந்து அதன் சொந்தச் சுரப்பித் திசுவை வெட்டி நீக்கிவிட்டு, பிரித்த செல்லை ஊன்றி, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெட்டு சரியில்லை என்றால் எலியின் சொந்தப் பால்குழாயே வளர்ந்து ஏமாற்றும். எலியைக் கொல்ல மனம் வருமா என்று அவளிடம் இன்றே கேளுங்கள். வராது என்றால் கணினிவழி உயிரியல் பக்கம் திரும்பலாம். வற்புறுத்தாதீர்கள்.

பொறியியல், நர்சிங், பார்மசி பற்றி உறவினர்களே சொல்லிவிடுவார்கள். நான் சொல்வது மத்திய அரசின் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி) நிறுவனங்களின் ஐந்தாண்டு பிஎஸ்-எம்எஸ் அறிவியல் படிப்பு. ஐந்தாண்டுச் செலவு மொத்தமும் அந்த எம்பிபிஎஸ்-இன் ஓராண்டுக் கட்டணத்தைத் தொடாது. பிறகு சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை பெற்றால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. நவி மும்பையில் டாடா நினைவு மையத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனமான ஆக்ட்ரெக், வேலூர் சிஎம்சி வளாகத்து ஸ்டெம் செல் மையம் போன்ற இடங்களை அவள் இப்போதே பார்த்து வைக்கட்டும். பிஎச்டி 5, 6 ஆண்டு இழுக்கும்; நிரந்தர வேலை தாமதமாகத்தான் வரும். நடுவில் விட்டாலும் ஃப்ளோ சைட்டோமெட்ரி கைவசம் இருக்கும். ரத்தப் புற்றைக் கண்டறியும் மருத்துவமனை ஆய்வகங்களிலும் அதே கருவிதான்.

ஐசருக்கு நீட் மதிப்பெண் செல்லாது, ஐஏடி என்ற நுழைவுத் தேர்வுக்குத் தனி விண்ணப்பம். 60 கேள்விகள், 3 மணி நேரம். சரிக்கு 4, தவறுக்குக் கழிவு 1. அதில் 15 கணிதக் கேள்விகள். நம் பிள்ளைகள் சறுக்குவது அங்கேதான், சேர்ந்த பிறகும் தொடக்க ஆண்டுகளில் கணிதம் துரத்தும். அவள் கணிதம் இல்லாத பிரிவில் படித்திருந்தால், மாமா அடுத்த முறை வருவதற்குள் 11-ஆம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.