கொள்ளுத்தாத்தா இருக்கட்டும், முதலில் கொள்ளுப்பாட்டியின் நம்பரைத் தேடுங்கள்

கேள்வி: போளூர் பக்கம் எங்கள் பழைய வீட்டை இடிக்கும்போது அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பழுப்பேறிய ஆங்கிலக் காகிதம் ஒன்று கிடைத்தது. மேலே ‘நேட்டால்’ என்று அச்சடித்திருக்கிறது. 12 என்று தொடங்கும் ஆறு இலக்க எண், ‘மூன்சாமி’ என்பது போல ஒரு பெயர். என் கொள்ளுத்தாத்தா பெயர் முனுசாமி. அவர் மோரீசுக்கு (மொரீஷியஸ் தீவுக்கு) போய்ச் சம்பாதித்து வந்து நிலம் வாங்கினார் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அவர் மனைவி சின்னம்மாளுக்கு எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை, கோபம் வந்தால் புரியாத பாஷையில் திட்டுவாராம். அத்தையோ, “பொண்ணுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் அதையெல்லாம் கிளறாதே” என்கிறார். இதை எப்படித் தேடுவது? தேடலாமா?

பதில்:

முதல் வேலை, அந்தக் காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள். பாதுகாக்கிறேன் என்று நினைத்து நிறையப் பேர் செய்கிற தப்பு இது, அந்தச் சூட்டில் பழைய மை போனால் போனதுதான், பிறகு பிரிக்கவும் முடியாது. இரண்டு பக்கமும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள் (பின்பக்கம்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும், ஒரு முத்திரை, ஒரு தேதி, பென்சிலில் ஒரு கிறுக்கல்), மடிப்பை நீவாமல் ஒரு வெள்ளைத்தாள் உறைக்குள் வைத்துவிடுங்கள்.

சரி, அது என்ன காகிதம்? நேட்டால் என்பது இன்றைய தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரை, டர்பன் துறைமுகம் இருக்கிற பகுதி. அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் ஆள் கொண்டுபோனார்கள். ‘ட்ரூரோ’ என்ற முதல் கப்பல் மெட்ராஸிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16-ல் டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911-ல் நிறுத்தும்வரை போனவர்கள் 1,52,184 பேர், அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மெட்ராஸில் கப்பலேறியவர்கள். இந்தக் கணக்கு இவ்வளவு துல்லியமாக இருப்பதற்குக் காரணம், இறங்கிய ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, ஒரு வரிசை எண் கொடுத்து பேரேட்டில் எழுதினார்கள். உங்கள் காகிதத்தில் இருப்பது அந்த எண்தான் என்று நினைக்கிறேன், காகிதம் ஒப்பந்தம் முடிந்ததும் கொடுக்கும் டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட்டாக இருக்கும். 12 என்று தொடங்கும் ஆறு இலக்க எண் என்றால் அவர் போனது 1900-க்குப் பிறகு, 1911-க்கு முன்.

அப்படியானால் மோரீஸ் கதை பொய்யா? பொய் இல்லை. எந்தக் கடலைத் தாண்டிப் போனாலும் ஊரில் மோரீஸ், கண்டிச்சீமை (இலங்கை), ரங்கோன் என்று தெரிந்த பெயரில் ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். பழக்கடையில் தொங்கும் மோரிஸ் பழம் வரைக்கும் அந்தப் பெயர் நமக்குப் பழக்கமானது, நேட்டாலை யாருக்குத் தெரியும்?

சம்பாதித்து வந்து நிலம் வாங்கினார் என்பதை மட்டும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒப்பந்தக் கூலி முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறி ஐந்தாம் வருஷம் 14 ஷில்லிங், அரிசி பருப்பு தனி. பெண்களுக்கு இதில் பாதி. 1895-ல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள், அதற்குப் பிறகு வந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தம் போட வேண்டும், இரண்டும் இல்லாமல் அங்கேயே இருந்தால் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி. மூன்று பவுண்டு என்றால் 60 ஷில்லிங், நல்ல சம்பளக்காரனுக்கே நாலு மாசக் கூலிக்கு மேல்! பிறகு அதைப் பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள், பையனுக்கு 16 வயது, பெண்ணுக்கு 13 வயது தாண்டினால் அவர்களுக்கும் தனித்தனியாக வரி. 1913-ல் சுரங்கத்திலும் தோட்டத்திலும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்திவிட்டு நடந்தது இந்த வரிக்கு எதிராகத்தான், அடுத்த வருஷம் அதை எடுத்தார்கள். ஆகவே டிஸ்சார்ஜ் தேதி 1914-க்கு முன்னால் இருந்தால், உங்கள் கொள்ளுத்தாத்தா செல்வத்தோடு திரும்பினார் என்பதைவிட வரிக்குத் தப்பித் திரும்பினார் என்பதற்கே வாய்ப்பு அதிகம். நிலம் எப்படி வந்தது என்பது தனிக் கேள்வி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

இப்போது பேரேடு. கப்பல் பட்டியல் என்றுதான் ஆய்வாளர்கள் சொல்வார்கள். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு அல்லது மச்சம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். டர்பனில் க்வாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையம் இவற்றைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது. அவர்களுக்கு எழுதும்போது பெயரைக் கொண்டு தேடச் சொல்லாதீர்கள், எண்ணைக் கொடுங்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன். என் சொந்தத் தேடலில் எட்டு மாதம் ஒரு வேறு ஆளின் பின்னால் அலைந்தேன், பெயர் அதே, ஜில்லா அதே, வயதும் ஏறக்குறைய அதே. கடைசியில் தகப்பன் பெயர் ஒத்துவரவில்லை. வட ஆற்காட்டில் முனுசாமிக்குப் பஞ்சமா என்ன!

எழுத்துக்கூட்டலை நம்பவே வேண்டாம். நம் ஆள் வாயால் சொன்னது குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் ஏறியது, அங்கே போய் இன்னொரு முறை திரிந்தது. முனுசாமி ‘மூன்சாமி’ ஆனார், முதலியார் ‘மூட்லி’, கவுண்டர் ‘கவெண்டர்’, ஆசாரி ‘ஆர்ச்சரி’. டர்பனில் இன்றைக்கும் இவை சாதாரணக் குடும்பப் பெயர்கள். ஊர்ப்பெயரும் அப்படித்தான், வந்தவாசி ‘வாண்டிவாஷ்’ என்று இருக்கும், செங்கல்பட்டு ‘சிங்கிள்புட்’. இன்னொரு பொறி: ஜில்லா கட்டத்தில் வட ஆற்காடு என்று இருந்தால் உடனே வேலூர், திருவண்ணாமலை என்று முடிவு கட்டாதீர்கள். 1911 வரை சித்தூரும் வட ஆற்காட்டில்தான் இருந்தது, அதுதான் ஜில்லாவின் தலைநகரமே.

இவ்வளவும் கொள்ளுத்தாத்தாவுக்கு. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிமிர வைத்தது அவர் அல்ல, சின்னம்மாள். நம் வீடுகளில் ஒரு பெண்ணுக்கு ஊர் தெரியாமல் போகாது. எதை மறந்தாலும் தாய்மாமன் வீட்டை மறக்க மாட்டார்கள், காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் சீர் வர வேண்டுமே. பிறந்த வீடே இல்லாத ஒரு கொள்ளுப்பாட்டி, கோபத்தில் வேறு பாஷை, போய் வந்த கணவன், மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அவரும் கப்பலில் போனவராக, அல்லது அங்கேயே பிறந்தவராக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. குடும்பமாகப் பதிந்தவர்களுக்கு அடுத்தடுத்த எண் விழும். ஆகவே கொள்ளுத்தாத்தாவின் எண்ணுக்கு முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து எண்களையும் கேட்டு வாங்குங்கள். பக்கத்தில் ஒரு சின்னம்மா இருந்து, அதே கிராமம் என்றால், ஊரிலேயே கல்யாணம் ஆகிச் சேர்ந்து போனவர்கள். பக்கத்திலேயே இருந்து, ஆனால் வேறு ஜில்லா, வேறு ஜாதி என்றால், மெட்ராஸ் டிப்போவில் கப்பலுக்குக் காத்திருந்தபோது ஜோடி சேர்ந்திருக்கலாம், இது அப்போது நிறைய நடந்தது. நூறு ஆணுக்கு நாற்பது பெண் ஏற்ற வேண்டும் என்று விதி இருந்ததால் ஆள்கட்டிகள் (கூலிக்கு ஆள் சேர்க்கும் தரகர்கள்) பெண்களைத் தேடி அலைந்தார்கள், விதவைகள், புருஷன் விட்டுப்போனவர்கள், வீட்டை விட்டு வந்தவர்கள் என்று தனியாகப் பதிந்த பெண்கள் ஏராளம். பக்கத்தில் எங்கேயுமே இல்லை என்றால் தோட்டத்தில் சந்தித்திருப்பார்கள், அதற்கு இந்தியக் குடியேறிகளுக்கான பாதுகாவலர் அலுவலகத்தின் கல்யாணப் பதிவைப் பார்க்க வேண்டும், 1891-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே பதிவு உண்டு. அந்தப் பதிவில் அவருடைய எண் கிடைத்தால் அவருடைய தகப்பன் பெயரும் ஊரும் கப்பல் பட்டியலில் தானாக வரும்.

அந்தப் பாஷை தெலுங்காக இருக்கலாம், மெட்ராஸில் கப்பலேறியவர்களில் விசாகப்பட்டினம், கஞ்சம் பக்கத்து ஆட்களும் அதிகம். ஆனால் போளூர்க்காரர்களுக்குத் தெலுங்கு காதில் விழாத பாஷை இல்லையே, கேட்டால் தெலுங்கு என்றே சொல்லியிருப்பார்களே? ஜூலு பாஷையை ஒட்டி, தோட்டத்திலும் சுரங்கத்திலும் பேசிய ஃபனகலோ என்ற கலப்புப் பேச்சு ஒன்று உண்டு. யாருக்காவது அந்தத் திட்டில் ஒரே ஒரு வார்த்தை நினைவிருந்தாலும் அதைக் காதில் விழுந்தபடியே எழுதி வையுங்கள், நீங்களாகத் திருத்த வேண்டாம்.

டர்பனிலிருந்து பதில் வர நாளாகும். அதற்குள் உள்ளூரில் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று நிலத்தின் மூலப்பத்திரம். வீட்டில் இல்லை என்றால் சப்-ரிஜிஸ்தர் ஆபீஸில் சர்வே நம்பரைக் கொடுத்து எவ்வளவு பின்னோக்கி முடியுமோ அவ்வளவு வருஷத்துக்கு வில்லங்கம் போட்டு, பிறகு பத்திர நகல் கேளுங்கள். பழைய பத்திரங்களில் இன்னார் மகன் இன்னார், இன்ன ஊரில் குடியிருப்பு, பணம் எந்த வகையில் வந்தது என்றெல்லாம் கதை போல எழுதியிருப்பார்கள். கிரயப் பத்திரமாக இல்லாமல் பாகப்பிரிவினையாக இருந்தால் நிலம் அவர் வாங்கியதே இல்லை, போவதற்கு முன்பே இருந்த பங்கு என்று தெரிந்துவிடும். அது சின்னம்மாள் பெயரில் வாங்கிய பத்திரமாக இருந்தால் எனக்குக் கட்டாயம் எழுதுங்கள்.

இரண்டாவது, குலதெய்வக் கோயில் தலைக்கட்டு வரி நோட்டு. பூசாரி வீட்டிலோ நாட்டாமை வீட்டிலோ பரணில் கிடக்கும், செல்லரித்திருக்கும், ஆனால் எந்த வருஷம் எந்தப் பங்காளி வரி கொடுத்தான், யார் பாக்கி என்று அதில் தெரியும். முனுசாமி பெயர் ஐந்தாறு வருஷம் இல்லாமல் போய் மறுபடி வந்தால், போனதும் வந்ததும் அதுதான். போய் வந்தவரைக் கோயிலில் உடனே சேர்த்துக்கொண்டார்களா, அபராதம் போட்டார்களா என்பதும் சில நோட்டுகளில் இருக்கும்.

டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள், எல்லாரும் கேட்கிறார்கள். இப்போதைக்கு வேண்டாம். கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி ஒவ்வொருவரிடமிருந்தும் உங்களுக்கு வந்திருப்பது சராசரியாக எட்டில் ஒரு பங்கு. அவர்களுடைய இன்னொரு பிள்ளை டர்பனிலேயே தங்கியிருந்து, அந்த வழிக் கொள்ளுப்பேரன் ஒருவர் அதே கம்பெனியில் டெஸ்ட் எடுத்திருந்தால் உங்கள் இருவருக்கும் சுமார் 3 சதவீதம் ஒத்துப்போகும், அது கண்டுபிடிக்கக்கூடிய அளவுதான். ஆனால் அந்த ‘இருந்தால்’களைப் பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள். ‘உங்கள் பூர்வீகம் இத்தனை சதவீதம் இன்ன நாடு’ என்று கலர் படம் போட்டுக் கொடுப்பார்கள், அது சின்னம்மாளின் கிராமத்தைச் சொல்லாது.

இனி அத்தை. அவர் பயம் ஒன்றும் முட்டாள்தனம் இல்லை, ஜாதி கட்டத்தில் என்ன எழுதியிருக்கும் என்பதுதான் அந்தப் பயம். மூன்று விஷயம் சொல்லலாம். அந்தக் கட்டத்தில் இருப்பது ஆள்கட்டி சொன்னதோ, குமாஸ்தாவுக்குப் புரிந்ததோ, போனவர் சொல்லிக்கொண்டதோ, மூன்றில் எதுவென்று நமக்குத் தெரியாது. ஜாதிச் சான்றிதழ் கொடுக்கும்போது உங்கள் அப்பாவின் சான்றிதழைத்தான் பார்ப்பார்கள், நேட்டால் பேரேட்டை இல்லை. மூன்றாவது, தெரிந்துகொள்வது வேறு, ஊருக்குச் சொல்வது வேறு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தக் காகிதத்தின் போட்டோவைப் போடாதீர்கள், கல்யாணம் முடியட்டும். அதுவரை தேடுவதை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் இது உங்கள் வீட்டு முடிவு. நேட்டாலில் யாராவது உறவு கிடைத்தாலும் முதல் கடிதத்திலேயே நிலத்தைப் பற்றி எழுதிவிடாதீர்கள். அவர்களும் போளூர் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பவர்களாக இருக்கலாம், பங்கு கேட்க வந்ததாக இரண்டு பக்கமும் சந்தேகம் வந்தால் பேச்சு அதோடு நின்றுவிடும்.

அத்தையிடம் மறுபடி பேசும்போது நேட்டால், ஜாதி, கப்பல் எதையும் எடுக்காதீர்கள். அவருக்கு வயது என்ன என்று நீங்கள் எழுதவில்லை, எதுவானாலும் இந்த வாரமே போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: “தாத்தாவுக்குக் காது குத்தும்போது யார் மடியில் உட்கார வைத்தார்களாம் அத்தை?” தாய்மாமன் என்று யாரையாவது சொன்னால் பெயரையும் ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள், நான் மேலே சொன்னதில் பாதி தப்பு என்று ஆகிவிடும், எனக்குச் சந்தோஷம்தான். பேச்சை மாற்றினால், பத்து எண்களுக்கும் சேர்த்து டர்பனுக்குக் கடிதம் எழுதுங்கள்.