ஜெயித்தவனுக்குத்தான் மதிப்பா?

கேள்வி: ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். போதும் என்ற மனம் வேண்டும் என்று உங்கள் பத்திரிகையில் அடிக்கடி எழுதுகிறீர்கள். நான் தண்டையார்பேட்டைக்காரன். இங்கே போட்டி போடாதவன் பிழைக்க முடியாது. புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா கேரமில் உலக அளவில் ஜெயித்த பிறகுதானே ஊருக்கே அவர் பெயர் தெரிந்தது? எனக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். இளையவன் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். சொந்தக்காரர்கள் வந்தால் மூத்தவனைத்தான் விசாரிக்கிறார்கள். சம்பாதிக்கிறவனுக்கு வீட்டிலும் மதிப்பு, கோயிலிலும் மதிப்பு. நீங்கள் பேராசை என்று கண்டிப்பதைத்தான் நாங்கள் முன்னேற்றம் என்கிறோம். பட்டினத்தார்கூட கப்பல் கப்பலாகச் சம்பாதித்துப் பார்த்த பிறகுதானே துறந்தார்? ஆன்மிகம் என்பது ஜெயிக்க முடியாதவனுக்குச் சொல்லும் ஆறுதல். மறுக்க முடியுமா?
— ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: மறுக்கிறேன். அதற்கு முன் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர்கள் மூத்தவரைத்தான் விசாரிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் யாரை விசாரிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இளையவர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வண்டியிலேயே இருக்கிறார்? மழை நாளில் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து வருகிறாரா? கீழே விழுந்தால் மருத்துவச் செலவு யாருடையது? இந்த மாதிரி வேலை செய்கிறவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2023-இல் தனி நல வாரியம் அமைத்திருக்கிறது. அதில் அவர் பதிந்திருக்கிறாரா? அவரோடு ஒருமுறை உட்கார்ந்து பேசியிருந்தால் இதற்கெல்லாம் உங்களிடம் பதில் இருக்கும். இருந்தால் மகிழ்ச்சி. இல்லையென்றால், சொந்தக்காரர்கள்மீது நீங்கள் போட்ட பழி பாதிக்குமேல் உங்களுக்கே உரியது. கடுமையாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. ஒரு தகப்பனுக்கு எழுதுகிறேன் என்பதால்தான் இந்தக் கடுமை.

இனி போட்டிக்கு வருவோம். போட்டியும் பேராசையும் ஒன்று என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன காசிமாவே அதற்கு எதிரான சாட்சி. 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலக கேரம் போட்டியில் 3 தங்கம் வாங்கியவர் அவர். கேரம் பலகை இரண்டு பேருக்கும் பொது. ஒன்பது கறுப்பு, ஒன்பது வெள்ளை, நடுவில் ஒரு சிவப்பு. எதிராளியின் காயை நீங்கள் குழியில் தள்ளினால் கணக்கு எதிராளிக்குத்தான் சேரும், உங்கள் முறையும் போய்விடும். பிறத்தியார் பங்கில் கை வைத்து ஜெயிக்க அந்த ஆட்டத்தில் வழியே கிடையாது. வடசென்னையின் சந்துகளில், தெருவிளக்கின் கீழே பலகை போட்டு இரவெல்லாம் ஆடுகிற பிள்ளைகள் கற்றுக்கொள்வது இதைத்தான். வியாசர்பாடியில் பந்து உதைக்கிற பிள்ளைகளும் அப்படித்தான். எந்த ஆன்மிகமும் இதைப் பாவம் என்று சொன்னதில்லை. தனக்குள் இருக்கும் திறமையை முழுக்க வெளியே எடுப்பதும் ஒரு வழிபாடுதான் என்பது என் எண்ணம்.

போட்டி எது, பேராசை எது என்று பார்க்க நீங்கள் வெகுதூரம் போக வேண்டாம். விடியற்காலையில் காசிமேடு துறைமுகத்துக்குப் போங்கள். ஏலம் நடக்கும். வஞ்சிரம், சங்கரா, கடம்பா என்று கூடை கூடையாகக் கொட்டிவைத்து, ஏலம் விடுகிறவர் விலையைக் கூவிக்கொண்டே போவார். மீன்கார அம்மாக்கள் ஒருவருக்கொருவர் இம்மியும் விட்டுக்கொடுக்காமல் ஏற்றிக் கேட்பார்கள். குரல் உயரும், கை நீளும், வாய்ச்சண்டையும் வரும். கூடை ஒருவருக்குப் போன பிறகு பாருங்கள். சற்றுமுன் முட்டிக்கொண்ட இரண்டு பேர் ஒரே ஆட்டோவில் கூடைகளை ஏற்றிக்கொண்டு போவார்கள். பணம் குறைந்தவருக்கு இன்னொருவர் மடியை அவிழ்த்துக் கொடுப்பார். அங்கே நடந்ததும் கடும் போட்டிதான். அதில் எந்தப் பெண்ணும் இன்னொருத்தியின் பிழைப்பை அழிக்க நினைக்கவில்லை.

அதே துறைமுகத்தில் இன்னொரு குவியலும் கிடக்கும். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சு மீன்கள். கண்ணி சிறுத்த மடிவலையைப் போட்டுக் கடலடியை வழித்து வந்தவை. கோழித் தீவனத்துக்கும் மீன் தூளுக்கும் அடிமாட்டு விலையில் போகும். கடலில் விட்டிருந்தால் வளர்ந்து முட்டையிட்டுப் பல மடங்காகத் திரும்பி வந்திருக்கும். இன்று நான் அள்ளாவிட்டால் நாளை அடுத்தவன் அள்ளிவிடுவான் என்ற பயம் ஒருவனுக்கு வந்து, பிறகு எல்லோருக்கும் தொற்றியதன் விளைவு இது. இதுபோன்றவற்றைத் தடுக்கவும்தான் 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடப்பதும் அதற்காகவே. அந்த 61 நாளில் வருமானம் இல்லாமல் வட்டிக்கு வாங்கிச் சாப்பிடும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் ஏன் பொறுத்துக்கொள்கிறார்கள்? கடல் தங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் வேண்டும் என்பதால். அவர்களிடம் போய், பேராசைதான் முன்னேற்றம் என்று சொல்லிப் பாருங்கள்.

கோயிலிலும் சம்பாதிக்கிறவனுக்குத்தான் மதிப்பு என்கிறீர்கள். இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. கட்டணச் சீட்டு வாங்கியவர் சுவாமிக்கு அருகே போகிறார், இல்லாதவர் கம்பிக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கிறார். ஆலய நிர்வாகத்துக்குச் செலவு இருக்கிறது என்று சமாதானம் சொல்வார்கள். எனக்கு அது ஒருநாளும் மனம் ஒப்பவில்லை. ஆனால் அது வரிசையை வகுத்தவர்களின் குற்றம். உள்ளே இருக்கிறவர் அப்படிப் பார்ப்பவர் என்று நம் மரபு சொல்லவில்லை. ஆதாரம் உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடுகிற திருவொற்றியூரிலேயே இருக்கிறது.

அறுபத்துமூவரில் ஒருவரான கலிய நாயனார் அந்த ஊர்க்காரர். செக்கு எண்ணெய் வணிகம் செய்த குடும்பம். செல்வந்தர். ஒற்றியூர்க் கோயிலில் உள்ளும் புறமும் விளக்கேற்றுவதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். கைப்பொருள் முழுக்கக் கரைந்தது. பிறகு தன் இனத்தாரிடம் எண்ணெய் வாங்கி விற்றுக் கிடைத்த கூலியில் விளக்கேற்றினார். அவர்களும் கொடுக்க மறுத்தபோது கூலிக்குச் செக்கு ஓட்டினார். கடைசியில் அந்தக் கூலி வேலையும் கிடைக்காமல் போயிற்று. உங்கள் கணக்குப்படி அவர் படிப்படியாக மதிப்பு இழந்துகொண்டே வந்த மனிதர். முதலாளியாக இருந்தவர் கூலியாகி, கூலியும் இல்லாதவராகிறார். சொந்தக்காரர்கள் யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள். கோயில் அவரை எந்த நிலையில் நாயனாராக ஏற்றுக்கொண்டது? எண்ணெய்க்குக் காசில்லாமல், தன் கழுத்தை அரிந்து அந்த இரத்தத்தை அகலில் வார்க்கத் துணிந்தபோது இறைவன் கையைப் பிடித்துத் தடுத்தான் என்பது புராணம். செல்வம் இருந்த காலத்து விளக்குகளை யாரும் எண்ணிச் சொல்லவில்லை.

அந்தக் கதையில் அவர் மனைவியை விற்கத் துணிந்த ஓர் இடமும் உண்டு. பக்தியின் உச்சம் என்று அதைக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். என்னால் முடியாது. அந்த அம்மாளும் ஓர் உயிர். அவருக்கு விலை பேச யாருக்கும் உரிமை இல்லை, அடியாருக்கும்தான். மனிதருக்கு விலை கிடையாது என்று பேச வந்துவிட்டு அந்த இடத்தை மட்டும் மறைத்துவிட்டுப் போவது நேர்மையாகாது.

பட்டினத்தார் விஷயத்தை ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். அவர் சமாதியும் ஒற்றியூரில், கடலோரத்தில்தான் இருக்கிறது. அங்கே வந்து கும்பிடுகிறவர்கள் அவர் எத்தனை கப்பல் வைத்திருந்தார் என்று கேட்டுவிட்டுக் கும்பிடுவதில்லை. தவிர, எல்லோரையும் துறவியாகுங்கள் என்று இந்தப் பக்கத்தில் நான் ஒருபோதும் எழுதியதில்லை. பிள்ளை குட்டியோடு இருப்பவர் நன்றாகச் சம்பாதிக்கட்டும், வீடு கட்டட்டும்.

இனி, ஆன்மிகம் வெறும் ஆறுதல் என்ற உங்கள் கடைசி வாதம். இதற்குப் பதில் பெரம்பூரில் இருக்கிறது. நான் விரிவாகச் சொல்ல விரும்புவதும் இதைத்தான், ஏனென்றால் வடசென்னைக்காரர்களே பலர் இதை மறந்துவிட்டார்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முன் பெரம்பூரில் ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்று ஒன்று இருந்தது. செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் நடத்தியது. சமயச் சொற்பொழிவுகள் நடக்கும். பக்கத்தில் பின்னி நிர்வாகத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள். அங்கே தறியோட்டிக் களைத்தவர்கள் மாலையில் வந்து உட்காருவார்கள். நீங்கள் சொல்கிற ஆறுதலைத் தேடி வந்தவர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லா உயிருக்குள்ளும் இருப்பது ஒரே இறைவன் என்று மாலையில் கேட்கிறார்கள். காலையில் ஆலைக்குப் போனால் மேஸ்திரி அடிக்கிறார், ஏசுகிறார், மதியச் சாப்பாட்டை விழுங்கக்கூட நேரம் போதவில்லை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? அந்தக் கேள்வி சபைக்குள்ளேயே எழுந்தது. 1918 மார்ச்சில் திரு.வி.க. அங்கே வந்து தொழிலாளர் நிலை பற்றிப் பேசினார். செல்வபதி செட்டியார் பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி. வாடியாவையும் அழைத்துவந்தார். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது இதைத்தான்.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் உங்கள் அர்த்தத்தில் ஜெயித்தவர்கள் இல்லை. கையில் காசில்லை, பலருக்கு எழுத்து வாசனை இல்லை. நான் யாருக்கும் குறைந்தவன் இல்லை என்ற ஒன்று மட்டும் உள்ளே இறங்கியிருந்தது. ஆலை நிர்வாகம் உயர் நீதிமன்றம் போய் வாடியா மீது தடை உத்தரவு வாங்கியது. சங்கம் வைத்ததற்காகவே வழக்கா என்று நாடு முழுக்க எழுந்த கேள்வி, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வருவதற்கு ஒரு முக்கியக் காரணமாயிற்று. இன்று இந்த நாட்டில் எந்த மூலையில் சங்கம் பதிவு செய்தாலும் அதன் வேரில் பெரம்பூர்ச் சபையின் பாய் விரிப்புக்கும் பங்கு உண்டு.

இத்தோடு நிறுத்தினால் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். 1921-இல் அதே ஆலைகளில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. மாதக்கணக்கில் நீடித்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் தொடரவில்லை. பசி ஒரு காரணம். சங்கத்துக்குள்ளேயே தங்களைச் சமமாக நடத்துவார்கள் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இல்லாதது அதைவிடப் பெரிய காரணம் என்பது என் முடிவு. நிர்வாகம் அந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டது. தோளோடு தோள் நின்று தறியோட்டியவர்கள் ஒருவரை ஒருவர் எதிரியாகப் பார்த்தார்கள். புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. வேலைநிறுத்தமும் தோற்றது. அந்தத் தோல்விக்கு ஆலை நிர்வாகத்தை மட்டும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். சபையில் பாயில் உட்கார்ந்து கேட்ட சமத்துவத்தைப் பக்கத்துச் சேரிவரை எடுத்துப்போக முடியாதவர்களும் அதற்குப் பொறுப்பு.