பக்கவாதம் வந்தவரைப் படுக்கையிலேயே வைத்திருப்பது பாதுகாப்பா?

கேள்வி: என் தந்தைக்கு 68 வயது. பக்கவாதம் வந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. வலது கையும் காலும் வரவில்லை. ஒரு முறை கட்டிலிலிருந்து சரிந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்துவிடுமோ என்ற பயத்தில் அதன் பிறகு அவரை எழுப்புவதே இல்லை. இப்படிப் படுக்க வைத்திருப்பதுதான் பாதுகாப்பா?

இல்லை. விழுந்தால் வரும் ஆபத்துக்குப் பயந்து, விழாமலேயே வரும் ஆபத்துகளுக்கு இடம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நான் செவிலியர்; முதலில் அரசு மருத்துவமனையிலும் பிறகு தனியார் மருத்துவமனையிலும் ஆண்கள் மருத்துவப் பிரிவில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவள். என் மாமனாருக்கும் இதே வலப்பக்க வாதம்தான் வந்தது. நீங்கள் கேட்டிருக்கும் கேள்வியை வைத்து எங்கள் வீட்டிலும் பெரிய விவாதமே நடந்தது.

உங்கள் வீட்டு நிலைமையை ஓரளவு ஊகிக்க முடிகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் "அவரை எழுப்பித் தொந்தரவு செய்யாதீர்கள், நிம்மதியாகப் படுத்திருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒருவேளை அவர் மீண்டும் விழுந்தால் "யார் எழுப்பச் சொன்னது?" என்று கேட்கப்போவதும் அவர்கள்தான். ஆனால் படுக்கை என்பது உடம்புக்கு ஓய்வு மட்டும் கொடுக்கும் இடமன்று. 1947-ஆம் ஆண்டிலேயே ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கிலேய மருத்துவர், நோயாளியைத் தேவையின்றிப் படுக்கையில் கிடத்துவதால் வரும் கேடுகளை உறுப்பு உறுப்பாக எடுத்துக்காட்டி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். நுரையீரலின் அடிப்பகுதியில் சளி தேங்கி நிமோனியாவுக்கு வழி செய்கிறது, கெண்டைக்கால் தசை அசையாததால் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைகிறது, எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து வெளியேறுகிறது, மலம் இறுகுகிறது, பாதம் கீழ்நோக்கித் தொங்கியபடியே இருந்து குதிகால் நாண் சுருங்கிவிடுகிறது. இவற்றையெல்லாம் விட உங்கள் கேள்விக்கு நெருக்கமான ஒன்று உண்டு: வாரக்கணக்கில் படுத்திருந்தவருக்குத் தொடைத் தசை மெலிந்து, எழுந்து நின்றதும் ரத்தம் கால்களில் இறங்கி, ரத்த அழுத்தம் சட்டென்று விழும். நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அதை ஒரு கோளாறாகவே கொள்கிறோம். அதாவது, விழுந்துவிடுவார் என்று பயந்து நீங்கள் படுக்க வைத்திருக்கும் ஒவ்வொரு வாரமும், அவர் எழும்போது விழுவதற்கான காரணத்தைத்தான் வளர்க்கிறது.

"பக்கவாதம் வந்தவரை அவசரப்பட்டு எழுப்பக் கூடாது என்று எங்கள் டாக்டர் சொன்னாரே" என்று யாராவது மறுக்கலாம். அதுவும் உண்மைதான், முதல் நாளைப் பொறுத்தவரை. 2015-இல் வெளியான அவெர்ட் என்ற ஆய்வு, ஐந்து நாடுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து நடத்தப்பட்டது. வாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் அடிக்கடியும் அதிக அளவிலும் எழுப்பி நடக்க வைத்தவர்களில், மூன்று மாதம் கழித்து நல்ல நிலையை எட்டியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தார்கள். ஆனால் உங்கள் தந்தைக்கு இரண்டு மாதங்கள் கடந்துவிட்டன. முதல் நாளுக்குச் சொன்ன எச்சரிக்கையை அறுபதாவது நாளிலும் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. நான் மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ அல்லள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் தந்தையை நேரில் பார்த்த மருத்துவர் எழுப்பலாம் என்று ஒப்புக்கொண்ட பிறகே கீழே எழுதியிருப்பவற்றைச் செய்யுங்கள்.

என் மாமனார் பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தவர். வாதத்தில் வலப்பக்கத்தோடு பேச்சும் போய்விட்டது. வேண்டியதை இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டித்தான் சொல்வார். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது மாத்திரைச் சீட்டைக் கொடுத்து எந்த வேளைக்கு எது என்று பொறுமையாக விளக்கினார்களே தவிர, அவரை எப்படிப் புரட்டுவது, எப்படி உட்கார வைப்பது என்று வீட்டாருக்கு ஒருவரும் காட்டித் தரவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு நான் ஊருக்குப் போனபோது, என் கணவரின் அண்ணனும் அவருடைய மகனும் இரு பக்கமும் நின்று, அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கி அவரைத் தலையணைப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அன்பில் குறையில்லை. ஆனால் வாதம் வந்த தோளில் மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் தசை தளர்ந்து கிடக்கும். அந்தக் கையை இழுத்தாலோ அக்குளில் தூக்கினாலோ மூட்டு பிசகி, பிறகு மாதக்கணக்கில் வலி நிற்கும். கையை அசைக்கவே விடாமல் நோயாளிகள் கத்துவது அந்த வலியால்தான். மேலும், இழுக்கும்போது தோல் மெத்தையோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு மட்டும் நகரும். படுக்கைப் புண்ணுக்கு அந்த உராய்வே போதும்.

அத்தையின் பழைய நூல் புடவை ஒன்றை நாலாக மடித்து, அவருடைய தோளிலிருந்து தொடை வரை வரும்படி அடியில் விரித்தேன். இருவர் எதிரெதிரே நின்று, புடவையின் ஓரத்தை உடம்போடு ஒட்டச் சுருட்டிப் பிடித்து, ஒரே நேரத்தில் லேசாக உயர்த்தி நகர்த்தினால், தோல் உராயாது. தூக்குகிறவரின் முதுகும் பிழைக்கும். வார்டில் இதை டிரா ஷீட் என்போம். எழுப்பி உட்கார வைக்கலாம் என்று நான் சொன்னதும், கணவரின் அண்ணன் "ஒரு தடவை விழுந்துவிட்டால் ஊருக்கு யார் பதில் சொல்வது?" என்று கேட்டார். "படுத்த இடத்திலேயே புண் வந்தாலும் ஊருக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும், அத்தான்" என்றேன். அவர் மறுப்பேதும் சொல்லாமல் வந்து நின்றது எனக்குப் பெரிய உதவி.

நாங்கள் செய்த விதத்தை விரிவாகவே சொல்கிறேன். கட்டில், உட்கார்ந்தால் இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதியும் உயரத்தில் இருக்க வேண்டும். நடுவில் தொய்யும் கயிற்றுக் கட்டில் இதற்கு உதவாது. கைப்பிடியுள்ள கனமான மர நாற்காலியை அவருடைய நல்ல பக்கமான இடப்பக்கத்தில், கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாக, சுவரில் முட்டும்படி வைத்தோம். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம். உட்காரும் வேகத்தில் அது வழுக்கிப் போகும். சக்கர நாற்காலி என்றால் பிரேக் இரண்டையும் போட்டு, கால் வைக்கும் தட்டுகளை ஒதுக்கிவிட வேண்டும். சிறுநீர்க் குழாய் இருந்தால் அதை முதலில் கவனியுங்கள். கட்டிலில் மாட்டிய பையைக் கழற்றாமல் தூக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதை வார்டில் பார்த்திருக்கிறேன். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், தரையில் படக் கூடாது.

பிறகு "மாமா, இப்போது இந்தப் பக்கம் திரும்பப்போகிறோம்" என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொல்லி, இடப்பக்கமாக ஒருக்களிக்க வைத்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, அவருடைய இடது முழங்கையையே ஊன்றச் செய்து எழுப்பினோம். உடனே நிற்க வைக்கவில்லை. முகம் வெளுக்கிறதா, வியர்க்கிறதா, கண் செருகுகிறதா என்று பார்த்தபடி சில நிமிடங்கள் விளிம்பிலேயே உட்கார வைத்தோம். ஊரில் பெரியவர்கள் வேட்டியின் மேல் கட்டும் அகலமான பச்சைப் பெல்ட் அவரிடமும் இருந்தது. அதை இடுப்பில் இறுக்கமாகக் கட்டினேன். பிடித்துத் தூக்க வேண்டியது அந்தப் பெல்ட்டைத்தான், கையையோ அக்குளையோ அன்று. வயிற்றில் அறுவை சிகிச்சை செய்தவருக்கும், வயிற்றின் வழியாக உணவு செலுத்தும் குழாய் வைத்தவருக்கும் பெல்ட் கட்டக் கூடாது. எதிரில் நின்று, என் முழங்கால்களை அவருடைய வலது முழங்காலுக்கு அணைவாகக் கொடுத்து அது மடங்காமல் தடுத்தேன். என் கழுத்தைக் கட்டிப்பிடிக்க அவரை விடவில்லை. பயத்தில் அவர்கள் தொங்கினால் இருவரும் சேர்ந்து விழ வேண்டியதுதான். மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும் அளவுக்கு முன்னால் குனியச் சொல்லி, மூன்று எண்ணியதும், அண்ணன் பக்கவாட்டில் பெல்ட்டைப் பிடிக்க, எழுந்துவிட்டார். இடது கால் மேல் திரும்பி, நாற்காலியின் விளிம்பு தொடையில் பட்ட பிறகு மெல்ல அமர்ந்தார். அப்படியே வாசல் பக்கம் திரும்பித் தோப்பைப் பார்த்தார்.

நடுவில் முழங்கால் மடங்கினால் விறைப்பாகப் பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள்; பெல்ட்டை விடாமல், அவருடைய உடம்பை உங்கள் தொடையோடு சரியவிட்டு, தலை மோதாமல் தரையில் உட்கார வைத்துவிடுங்கள். மெல்ல உட்கார வைப்பதால் எலும்பு முறிவது அரிது. விழுந்துவிட்டால், வலி, வீக்கம், ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்த பிறகே தூக்க வேண்டும். தலையில் அடிபட்டிருந்து, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்றால், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டார் மட்டுமல்ல, மருத்துவமனைகளும் இதே பயத்தில்தான் இயங்குகின்றன. நான் வேலை பார்த்த ஓரிடத்தில், நாற்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு இரவுப் பணியில் தனியாக இருந்த என் தோழிக்கு, ஒரு பெரியவர் கட்டிலிலிருந்து விழுந்ததற்காக மெமோ கொடுத்தார்கள். பக்கக் கம்பிகள் ஏற்றப்பட்டிருந்தன. சிறுநீர் முட்டிய அவசரத்தில் அந்தக் கம்பியின் மேல் ஏறித்தான் அவர் விழுந்தார். கம்பி இல்லாமலிருந்தால் இன்னும் தாழ்வான இடத்திலிருந்து விழுந்திருப்பார். மெமோவில் இது எதுவும் கேட்கப்படவில்லை. அதற்குப் பிறகு அந்த வார்டில் தள்ளாடும் யாரையும் எழுப்பி நடத்த ஒருவருக்கும் துணிவு வரவில்லை. நோயாளி விழுந்தால் அது பதிவேட்டில் ஏறுகிறது, கூட்டத்தில் பேசப்படுகிறது, தரச்சான்றுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். நடந்து வந்தவர் படுத்தே கிடந்து மூட்டு மடங்கிப் போய் வீடு திரும்பினால் அதற்குப் பதிவேடும் இல்லை, மெமோவும் இல்லை. செவிலியர்கள் சோம்பேறிகள் என்று எழுதுகிறவர்கள், ஒரு முறை இரவுப் பணியில் வந்து இருந்து பார்க்கட்டும். ஒருவரைப் பாதுகாப்பாகப் புரட்ட இருவர் வேண்டும். வார்டில் இருப்பதே ஒருவர் என்றால் அவர் யாரைக் கூப்பிடுவார்?

உங்கள் தந்தை விழுந்தது எந்த நேரத்தில், எதற்காக எழுந்தபோது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலோர் சிறுநீர் கழிக்கப் போகும் அவசரத்தில்தான் விழுகிறார்கள். எனவே அவர் கேட்கும் வரை காத்திராமல், விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நீங்களே கேளுங்கள். நீர் பிரியும் மாத்திரையைக் காலையில் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரவு விளக்கும், கைக்கு எட்டும் தூரத்தில் மணியும் இருக்கட்டும். கால் தடுக்கும் நீளக் கைலியை மடித்துக் கட்டிவிடுங்கள், குளியலறை வாசலில் கிடக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள், தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கி எறியுங்கள். நடக்கத் தொடங்கும்போது கைத்தடி நல்ல கையில் இருக்க வேண்டும், துணைக்கு வருகிறவர் வாதம் வந்த பக்கத்தில் நடக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

நாற்காலியில் இருக்கும் நேரம் போக, படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றுங்கள். நேர் பக்கவாட்டில் படுக்க வைத்தால் இடுப்பு எலும்பின் மேலேயே எடை நிற்கும். முதுகுக்குத் தலையணை கொடுத்துப் பாதிச் சாய்வாகப் படுக்க வையுங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் தொங்கவிடுங்கள். நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணை வேண்டாம். அது சுற்றியுள்ள இடத்தின் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். நம்மைப் போன்ற கருநிறத் தோலில் புண்ணின் முதல் அறிகுறியான சிவப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. வால் எலும்பின் மேலும் குதிகாலிலும் புறங்கையை வைத்து, சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ கல்லாகவோ இருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பாருங்கள். அப்படி இருந்தால் அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், அதன் மேல் படுக்க வைக்காதீர்கள். ஏர் பெட் வாங்கிவிட்டால் பக்கம் மாற்ற வேண்டியதில்லை என்று கடையில் சொல்வதை நம்ப வேண்டாம்.

ஆள் வைத்துப் பார்த்துக்கொள்பவர் என்றால், வருகிறவர் இதுவரை யாரையாவது கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றியிருக்கிறாரா என்று கேட்டு, உங்கள் முன்னிலையில் ஒரு முறை செய்துகாட்டச் சொல்லுங்கள். பயிற்சியே இல்லாத பெண்களை நர்ஸ் என்று சொல்லி அனுப்பும் இடங்கள் உண்டு. அந்தப் பெண்களின் முதுகும் அங்கே பாழாகிறது. தமிழ்நாட்டில் இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கிறார்கள்; அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

முதல் முறை நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்தாலே போதும். சோர்வு தெரியாத அளவுக்கு மெல்ல நேரத்தைக் கூட்டலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, உட்கார்ந்ததும் மயக்கம் தெளியாமல் நீடித்தாலோ அன்று எழுப்பாதீர்கள். வீங்கிய காலில் தைலம் போட்டு அழுத்தித் தேய்க்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. உள்ளே உறைந்த ரத்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடக்கூடும் என்பதால் அதை மட்டும் யாரும் செய்யாமல் பார்த்துக்கொண்டு, அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.