தோல் அரண் பரிசோதனையில் 38, பிறகு 17: எதை நம்புவது?

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. அடோபிக் டெர்மடைட்டிஸ் (எக்ஸிமா) இருக்கிறது. தோல் வழியாக நீர் இழப்பதை அளக்கும் பரிசோதனையில் முதல் தடவை 38 வந்தது. இரண்டு வாரம் கழித்து அதே முன்கையில் 17. ஆனால் அரிப்பு அப்படியேதான் இருக்கிறது. வீட்டில் உள்ள கையடக்க ஈரப்பதக் கருவி 31 சதவீதம் காட்டுகிறது. எந்த எண் சரி? மாதாமாதம் அளந்து பார்க்க வேண்டுமா?

மருத்துவர் பதில்:

38, 17 இரண்டுமே அந்தந்த நேரத்துக்குச் சரியான எண்களாக இருக்கலாம். ஆனால் 'பாதிக்கு மேல் குறைந்துவிட்டது' என்று சொல்ல வேண்டுமானால், இரண்டு தடவையும் ஒரே இடத்தில், ஒரே மாதிரிச் சூழலில் அளந்திருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய விவரத்தில் அறையின் வெப்பநிலை இல்லை. கடைசியாக எப்போது கிரீம் தடவினீர்கள் என்பதும் இல்லை. இவை இல்லாமல் அந்த எண்களை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

முதலில் அது அளப்பது என்ன என்று பார்ப்போம். வியர்க்காதபோதும் உடலின் நீர் தோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதைக் கட்டுப்படுத்துவது மேல்தோலின் வெளிப்புறத்தில் இருக்கும் இறந்த செல்களின் அடுக்கும், அந்தச் செல்களுக்கு இடையே உள்ள செராமைடு முதலிய கொழுப்புகளும். இவற்றைத்தான் தோல் அரண் என்கிறோம். ஒரு சதுர மீட்டர் தோலிலிருந்து ஒரு மணி நேரத்தில் எத்தனை கிராம் நீர் போகிறது என்பதுதான் உங்கள் கையில் உள்ள எண். நலமான முன்கையில் இது பெரும்பாலும் 5 முதல் 12 வரை இருக்கும். அடோபிக் டெர்மடைட்டிஸ் உள்ளவர்களுக்கு, பார்க்க நன்றாகத் தெரியும் தோலில்கூடச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். சிவந்து தடித்த இடத்தில் 20ஐத் தாண்டுவது சாதாரணம். ஆக, 38 என்பது பயப்படும்படியான எண் அல்ல. எக்ஸிமா உள்ள இடத்தில் அளந்தால் வரக்கூடியதுதான்.

இப்போது ஏன் மாறியது என்பதற்கு வருவோம். ப்ரோப் (கருவியில் தோல் மேல் வைக்கும் முனை) வைத்த இடம் இரண்டு செ.மீ. நகர்ந்து, தடிப்பிலிருந்து பக்கத்துத் தோலுக்குப் போயிருந்தாலே இவ்வளவு வித்தியாசம் வரும். என் முதல் சந்தேகம் அதன் மேல்தான். அடுத்தது கிரீம். வாசலின் போன்ற கெட்டியான களிம்பு தோலை மூடிவிடுவதால் எண் உடனே விழும். அரண் சரியாகிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. நீர் அதிகமுள்ள லோஷன் நேர்மாறு: தடவிய சில நிமிடங்களுக்கு லோஷனில் உள்ள நீரே ஆவியாகி எண்ணை ஏற்றிவிடும். மூன்றாவது வியர்வை. தோலின் ஊடே கசியும் நீர் எது, வியர்வைச் சுரப்பியிலிருந்து வருவது எது என்று கருவிக்குத் தெரியாது. ஓடி வந்த குழந்தை, அழுத குழந்தை, வெக்கையான அறை, இவற்றில் எது இருந்தாலும் எண்ணை நம்ப முடியாது. உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் தடிமனாக இருந்தும் எண் எப்போதும் அதிகம் என்பதால், அந்த இடங்களை முன்கையோடு ஒப்பிடவே கூடாது.

கருவியின் வகையும் முக்கியம். திறந்த குழாய் வகையில் தோலுக்கு மேலே இரண்டு உயரங்களில் ஈரப்பத, வெப்பநிலை சென்சார்கள் இருக்கும். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து ஆவியாகும் வேகத்தைக் கணக்கிடுகிறது. மின்விசிறிக் காற்று, ஏசி காற்று, பக்கத்தில் யாராவது நடப்பது, ப்ரோப்பை நோக்கி மூச்சு விடுவது எல்லாமே அதைக் கெடுக்கும். மூடிய அறை வகைக்குக் காற்றுத் தொல்லை குறைவு. ஆனால் ஒவ்வொரு அளவுக்குப் பிறகும் உள்ளே தங்கிய நீராவி வெளியேற நேரம் கொடுக்க வேண்டும். ஒரு வகையில் வந்த எண்ணை இன்னொரு வகையோடு ஒப்பிடுவது வீண் வேலை.

மறுபடி அளக்கத்தான் போகிறீர்கள் என்றால் இப்படிச் செய்யச் சொல்லுங்கள். அறை 20 முதல் 22 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம். அளக்கப்போகும் கையில் முந்தைய 12 மணி நேரம் மாய்ஸ்சரைசர் கூடாது, முந்தைய சில மணி நேரம் கழுவவும் கூடாது. கையைத் திறந்தபடி வைத்து, குழந்தை 20 முதல் 30 நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும் (கதை சொல்லி உட்கார வைப்பதுதான் இதில் கடினமான பகுதி). மின்விசிறியை நிறுத்த வேண்டும். மணிக்கட்டையும் முழங்கை மடிப்பையும் தவிர்த்து, முன்கையின் உட்புறம் நடுவில், முழங்கை மடிப்பிலிருந்து எத்தனை செ.மீ. என்று அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். திறந்த வகை ப்ரோப்பைத் தட்டையாக, அழுத்தாமல் வைத்து, எண் நிலைபெறும் வரை, பெரும்பாலும் 30 முதல் 45 வினாடி, காத்திருக்க வேண்டும். பிடிப்பவரின் கைச்சூடும் ப்ரோப்பில் ஏறும் என்பதால் காப்பு உறை தேவை. மூன்று முறை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். தடிப்பு உள்ள இடத்தையும் நலமான இடத்தையும் தனித்தனியே பதிய வேண்டும். மூன்று அளவுகளும் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறினால் அன்றைய பரிசோதனையையே விட்டுவிடலாம். ஒன்று மட்டும்: எண் 'சுத்தமாக' வர வேண்டும் என்று மருந்துக் களிம்பை நிறுத்தாதீர்கள். அளவீட்டைவிடச் சிகிச்சை முக்கியம்.

வீட்டுக் கருவியின் 31 சதவீதம் வேறு விஷயம். அது மேலடுக்கில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதை மின்பண்பின் மூலம் ஊகிக்கிறது, அரணை அளப்பதில்லை. கிளிசரின் உள்ள கிரீம் தடவினால் எண் ஏறும், ஈரக் கையில் வைத்தாலும் ஏறும். நீர் இழப்பு எண் ஏறினால் கெட்டது, ஈரப்பத எண் இறங்கினால் கெட்டது என்பதைப் பலர் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். அதில் காட்டும் சதவீதக் குறி தோலில் உள்ள நீரின் உண்மையான சதவீதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆராய்ச்சிக் கூடங்களில் இன்னும் சில முறைகள் உண்டு. 22 மி.மீ. ஒட்டுவில்லைகளை ஒரே அழுத்தத்தில் ஒட்டி உரித்து, சில வில்லைகளுக்கு ஒரு தடவை நீர் இழப்பை அளப்பார்கள். பலவீனமான அரணில் எண் சீக்கிரம் எகிறும். தோலின் அமிலத்தன்மையும் பார்க்கப்படுகிறது. நலமான தோலின் பி.எச். பொதுவாக 4க்கும் 6க்கும் இடையில் இருக்கும். எக்ஸிமாவில் அந்த எண் கூடும்போது, அதாவது அமிலத்தன்மை குறையும்போது, செல் இணைப்புகளை அறுக்கும் நொதிகள் வேகமெடுக்கின்றன, செராமைடு உண்டாக்கும் நொதிகள் மந்தமாகின்றன. காரத்தன்மையுள்ள சோப்பை நாங்கள் வேண்டாம் என்பது இதனால்தான். செலோடேப் வைத்து வீட்டில் உரித்துப் பார்க்கும் யோசனை வந்தால் தயவுசெய்து கைவிடுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில்: மாதாமாதம் வேண்டாம். இந்த எண் நோயை உறுதி செய்வதில்லை; ஒவ்வாமையா, வெறும் எரிச்சலா என்று பிரித்துச் சொல்வதும் இல்லை. குழு அளவில் இதற்கு மதிப்பு உண்டு. பிறந்த இரண்டாம் நாளில் நீர் இழப்பு அதிகமாக இருந்த குழந்தைகளுக்கு ஒரு வயதில் எக்ஸிமா வரும் வாய்ப்பு கூடுதல் என்று அயர்லாந்தில் நடந்த ஆய்வு 2015இல் காட்டியது. ஆனால் 2020இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், முதல் ஓராண்டு தினமும் மாய்ஸ்சரைசர் தடவியும் எக்ஸிமாவைத் தடுக்க முடியவில்லை. ஒரு குழந்தைக்கு இன்று என்ன செய்வது என்பதை இந்த எண் மாற்றுவது அரிது.

அதற்குப் பதில் போயம் என்ற ஏழு கேள்விப் படிவத்தை வாரம் ஒருமுறை நிரப்புங்கள். அரிப்பு, தூக்கம் கெட்டது, இரத்தம், நீர் கசிவு, வெடிப்பு, செதில், வறட்சி ஆகியவை கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் இருந்தன என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், அதிகபட்சம் 28. 3 முதல் 7 வரை லேசானது, 8 முதல் 16 வரை மிதமானது, 17 முதல் கடுமையானது. அரிப்பு குறையாத உங்கள் மகளின் நிலையை 17 என்ற நீர் இழப்பு எண்ணைவிட இது நேர்மையாகச் சொல்லும்.

கூடவே மாய்ஸ்சரைசர் டப்பாவை எடை போட்டுப் பாருங்கள். உடல் முழுதும் வறட்சி உள்ள குழந்தைக்கு வாரம் 250 கிராம் அளவுக்கு ஆகும். 50 கிராம் டியூப் ஒரு மாதம் வருகிறது என்றால் போதுமான அளவு தடவவில்லை. ஸ்டீராய்டு களிம்பும் அப்படித்தான். பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரையிலான அளவு, ஏறத்தாழ அரை கிராம், விரல்களையும் சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். பயந்துகொண்டு அதில் பாதியைத் தடவுவதுதான் அரிப்பு அடங்காததற்கு நான் அதிகம் சந்தேகிக்கும் காரணம். இரண்டு வாரம் சரியான அளவில் தடவியும் போயம் எண் இறங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தேன் நிறப் பொருக்கு வந்தால் காத்திருக்க வேண்டாம். காய்ச்சலோடு, ஒரே அளவிலான சிறு கொப்புளங்கள் கூட்டமாக, வலியுடன் தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அது ஹெர்ப்பிஸ் தொற்றாக இருக்கலாம்.